சிபிசிடி படத்தைத் திறந்ததும் அளவுகோலை எடுக்காதீர்கள்: இம்ப்ளான்ட் திட்டமிடப் புதிதாக வருபவர்களுக்கு

புதிதாக சிபிசிடி படம், அதாவது தாடையை முப்பரிமாணத்தில் எடுக்கும் எக்ஸ்ரே ஸ்கேன், பார்க்க உட்காருகிற எல்லோரும் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான். பல் இல்லாத இடத்துக்கு நேராகப் போய், மென்பொருளில் அளக்கும் கருவியை எடுத்து, எலும்பு முகட்டிலிருந்து நரம்புக் கால்வாய் வரை ஒரு கோடு இழுப்பார்கள். 13.4 மி.மீ. என்று வந்து விழும். நரம்புக்கு மேல் விட வேண்டிய பாதுகாப்பு இடைவெளி என்று அதில் 2 கழித்தால் 11.4, அப்படியென்றால் 11 மி.மீ. நீள இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர், தாராளமாகப் போடலாம், முடிந்தது வேலை. நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். அந்த எண்ணில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது எந்தத் திசையில் வெட்டிய வெட்டில் கிடைத்த எண் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கு அன்றைக்குப் பதில் தெரிந்திருக்காது.

மூங்கிலை நேராகக் குறுக்கே வெட்டினால் வட்டம் தெரியும், சாய்த்துச் சீவினால் நீள்வட்டம் தெரியும், மூங்கில் என்னவோ அதே மூங்கில்தான். தாடையும் அப்படித்தான். முப்பரிமாணப் படம் என்பது திரையில் தெரிகிற படம் அல்ல, அது நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள ஒரு கனம், அதை நீங்கள் எந்தப் பக்கமாக வெட்டிப் பார்க்கிறீர்களோ அந்த வெட்டுதான் திரையில் தெரிகிறது. 20 டிகிரி சாய்ந்த வெட்டில் 13.4 என்று தெரியும் உயரம், நேராக வெட்டினால் 12.6தான். 0.8 மி.மீ. ஒரு வித்தியாசமா என்று தோன்றலாம். அடியில் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு ஓடுகிற இடத்தில் அது பெரிய வித்தியாசம்தான்.

பல் மருத்துவம் முடித்துவிட்டு இம்ப்ளான்ட் பக்கம் வருகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இம்ப்ளான்ட் போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் படித்தாலும் கெட்டுப்போகாது, உங்கள் மருத்துவர் ஏன் இத்தனை நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதாவது புரியும்.

ஸ்கேன் எடுக்கும் முன்பே பாதி வேலை

முதலில் வாயைப் பாருங்கள், படத்தை அப்புறம் பார்க்கலாம். ஈறு எப்படி இருக்கிறது, எதிர்ப்பல் இறங்கி வந்திருக்கிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது, பக்கத்துப் பற்கள் சாய்ந்திருக்கின்றனவா, இதெல்லாம் எந்த ஸ்கேனிலும் ஒழுங்காகத் தெரியாது. அதற்கடுத்து ஒரு ஓபிஜி, அதாவது இரண்டு தாடைகளையும் விரித்துக் காட்டும் தட்டையான எக்ஸ்ரே. தாடை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுவதற்கு அதுபோல் வேறில்லை. ஆனால் அதில் அளக்காதீர்கள். ஓபிஜி படம் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம் வரை பெரிதாகிக் காட்டும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பெரிதாவதில்லை. எலும்பின் அகலத்தை, அதாவது கன்னப்பக்கத்துக்கும் நாக்குப்பக்கத்துக்கும் இடையே உள்ள தடிமனை, அது காட்டவே காட்டாது. இம்ப்ளான்டுக்கு அந்த அகலம் உயரத்தைவிட முக்கியமாகிப் போகிற இடங்கள் நிறைய.

அதனால்தான் வாய், முகத் தாடைக் கதிரியலுக்கான அமெரிக்க அகாடமி 2012இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், இம்ப்ளான்ட் இடத்தை மதிப்பிடக் குறுக்குவெட்டுப் படம் தேவை, அதற்கு சிபிசிடியே பொருத்தம் என்று சொன்னது. முதல் பரிசோதனையிலேயே எல்லோருக்கும் சிபிசிடி எடுத்துவிடுவதையும் அதே நிலைப்பாடு ஏற்கவில்லை. கதிர்வீச்சு அளவு இதற்கு ஒரு காரணம். ஓபிஜிக்குச் சுமார் 10 முதல் 30 மைக்ரோசீவர்ட், சிறிய புலத்தில், அதாவது தாடையின் சிறு பகுதியை மட்டும், எடுக்கும் சிபிசிடிக்குப் பல பத்துகள், முகம் முழுவதையும் பெரிய புலத்தில் எடுத்தால் சில நூறுகள்கூட ஆகலாம். இயற்கையாகவே நாம் ஆண்டுக்கு வாங்கிக்கொள்கிற சராசரி அளவு சுமார் 2,400 மைக்ரோசீவர்ட், அதனால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் "எதற்கும் எடுத்து வைப்போம்" என்று எடுக்கிற பொருளும் இல்லை. கர்ப்பமாக இருக்கிறாரா என்று கேட்க மறக்கக் கூடாது. இம்ப்ளான்ட் அவசர வேலையே அல்ல, தள்ளிப்போடலாம்.

ஸ்கேன் சீட்டு எழுதும்போது "சிபிசிடி, கீழ்த்தாடை" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்தப் பல், எதற்காக, எந்த அளவு புலம், எந்த வோக்சல் என்று எழுதுங்கள். வோக்சல் என்பது அந்தக் கனத்தின் ஒரு சிறு கட்டி, இம்ப்ளான்டுக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. போதும். வேர்ச் சிகிச்சைக்காரர்கள் கேட்கிற மாதிரி 0.1க்கும் கீழே போனால் கதிர்வீச்சு கூடும், படத்தில் இரைச்சலும் கூடும், இந்த வேலைக்கு அதனால் பெரிதாக லாபம் இல்லை. புலம் மட்டும் மிகச் சிறிதாக இருக்கக் கூடாது. பிறகு கைடு, அதாவது டிரில்லைத் திட்டமிட்ட இடத்துக்கு வழிநடத்தும் துளையுள்ள அச்சு, செய்ய நினைத்தால் அந்தத் தாடையின் பற்கள் எல்லாம், குறைந்தது பல் இழந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் சில பற்களாவது, படத்துக்குள் வந்திருக்க வேண்டும்.

இனி, யாரும் சொல்லித் தராத இரண்டு சின்ன விஷயங்கள். ஒன்று, ஸ்கேன் எடுக்கும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒட்டி இருக்கக் கூடாது. நடுவில் ஒரு பஞ்சுருளையைக் கடிக்கச் சொன்னால் போதும். ஒட்டியிருந்தால் எது மேல்பல் எது கீழ்ப்பல் என்று மென்பொருளாலும் பிரிக்க முடியாது, உங்களாலும் முடியாது. இரண்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே, உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே பஞ்சுருளை வையுங்கள், நாக்கை அண்ணத்தில் ஒட்டாமல் கீழே வைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் ஈறின் வெளிக்கோடு படத்தில் தனியாகத் தெரியும், எலும்புக்கு மேல் ஈறு எத்தனை மி.மீ. இருக்கிறது என்று அளக்க முடியும். பஞ்சு வைக்காவிட்டால் கன்னமும் ஈறும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், மறுபடி எடுக்கச் சொல்லவும் மனசு வராது.

கழற்றக்கூடிய உலோகங்களைக் கழற்றச் சொல்வது, அசையாமல் நிற்கச் சொல்வது எல்லாம் ஸ்கேன் மையத்திலேயே செய்வார்கள். இருந்தாலும் 10, 20 விநாடி அசையாமல் இருப்பது வயதானவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் எளிதல்ல, உட்கார வைத்து எடுக்கும் இயந்திரம் இருந்தால் அதைக் கேளுங்கள். அசைந்த படத்தில் எலும்பின் ஓரம் இரட்டைக் கோடாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தப் படத்தில் திட்டம் போடாதீர்கள்.

கோப்பு கைக்கு வந்ததும்

ஸ்கேன் மையம் அழகான அறிக்கை ஒன்றைப் படங்களோடு அனுப்பும். அது போதாது, முழு டைகாம் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். டைகாம் என்பது மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம், எந்தத் திட்டமிடும் மென்பொருளும் அதைத் திறக்கும். அறிக்கையில் வருகிற குறுக்குவெட்டுகள் அங்கே வேலை செய்கிறவர் தேர்ந்தெடுத்த திசையில் வெட்டியவை, உங்கள் இம்ப்ளான்டின் திசை அவருக்குத் தெரியாது. மூங்கில் கதைதான் இங்கேயும்.

திறந்ததும் பெயர், தேதி, வலது இடது. கதிரியலில் நோயாளியின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கத்தில் தெரியும். ஓபிஜியைப் பக்கத்தில் வைத்து, ஒரு பக்கம் மட்டும் இருக்கிற ஏதாவது அடையாளத்தை, ஒரு கிரவுனையோ (பல்லின் மேல் போடும் உறை) வேர்ச் சிகிச்சை செய்த பல்லையோ, ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். சிரிக்காதீர்கள், இது அரை நிமிட வேலை, செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அப்புறம் எதையும் அளக்காமல், மேலிருந்து கீழாகப் படம் முழுவதையும் ஒருமுறை உருட்டிப் பாருங்கள். பக்கத்துப் பல்லின் வேர்நுனியில் கருமை, எலும்புக்குள் தங்கிப்போன வேர்த்துண்டு, ஒரு பக்கம் மட்டும் அடைத்திருக்கும் சைனஸ், எதிர்பாராத இடத்தில் ஒரு கட்டி. நீங்கள் கேட்ட பல்லை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, படம் எடுக்கச் சொன்னவர் படம் முழுவதற்கும் பொறுப்பு. புரியாதது எதையாவது கண்டால் வாய்க் கதிரியல் நிபுணரிடம் அனுப்பிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. உலோகக் கிரவுன்களுக்குப் பக்கத்தில் கருப்புப் பட்டைகளும் வெள்ளைக் கதிர்களும் தெரியும். இரண்டு கிரவுன்களுக்கு நடுவே எலும்பே இல்லாதது போலக் கருப்பாகத் தெரிவது பல நேரம் வெறும் நிழல்தான். அதே மாதிரி, மென்பொருள் வரைந்து காட்டுகிற வழவழப்பான 3டி எலும்பு உருவத்தில் கன்னப்பக்க எலும்பில் ஓட்டை தெரிந்தால் உடனே நம்பாதீர்கள், மெல்லிய எலும்பு அந்த உருவத்தில் காணாமல் போய்விடும். அந்த 3டி உருவம் நோயாளிக்குக் காட்ட நன்றாக இருக்கும். முடிவை வெட்டுகளைப் பார்த்து எடுங்கள்.

முதலில் பல், பிறகுதான் எலும்பு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வெட்டின் திசையை யார் தீர்மானிப்பது? எலும்பு அல்ல. வரப்போகிற பல்.

ஆகவே நோயாளியின் வாயை வாய்க்குள் ஸ்கேன் செய்யும் கருவியால் எடுத்த எஸ்டிஎல் கோப்பு, அதாவது பற்கள், ஈறு ஆகியவற்றின் மேற்பரப்பைக் காட்டும் 3டி கோப்பு, வேண்டும், அந்தக் கருவி இல்லையென்றால் அச்சு எடுத்துச் செய்த மாடலை லேபில் ஸ்கேன் செய்து வாங்கலாம். அதன் மேல் இல்லாத பல்லை மென்பொருளிலேயே வரைந்துகொள்ளுங்கள், எதிர்ப்பல்லோடு சரியாகக் கடிக்கிற மாதிரி. பெரும்பாலான மென்பொருள்களில் பல் நூலகம் இருக்கிறது, இழுத்து வைத்துத் திருப்பினால் போதும். அழகு தேவையில்லை, இடம் சரியாக இருந்தால் போதும்.

அடுத்தது அந்த எஸ்டிஎல்லை டைகாமோடு பொருத்துவது. இரண்டிலும் ஒரே புள்ளிகளை, குறைந்தது மூன்று, முடிந்தால் தாடை முழுக்கப் பரவலாக நான்கைந்து, தொட்டுக் காட்டினால் மென்பொருள் ஒட்டிவிடும். உலோகக் கிரவுன் உள்ள பற்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அங்கே படத்தின் ஓரம் கலங்கியிருக்கும். "பொருத்தம் வெற்றி" என்று மென்பொருள் பச்சை காட்டினாலும் ஒவ்வொரு பல்லாக வெட்டுகளில் போய்ப் பாருங்கள். எஸ்டிஎல்லின் வண்ணக்கோடு பல்லின் எனாமல் ஓரத்தின் மேல் அப்படியே படிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் படிந்து மறுபக்கம் விலகியிருந்தால் மொத்தமும் சாய்ந்திருக்கிறது, திரும்பச் செய்யுங்கள். இந்த ஒரு படியில் வருகிற பிழை, கைடு, டிரில், இம்ப்ளான்ட் என்று கடைசி வரை கூடவே வரும், நடுவில் எங்கும் சரியாகாது.

பல்லே இல்லாத தாடையில் பொருத்தப் புள்ளி கிடைக்காது. அங்கே இரட்டை ஸ்கேன் என்று ஒரு முறை உண்டு. நோயாளியின் கழற்றும் பல்செட்டில் கட்டா பெர்ச்சாவால் (வேர்ச் சிகிச்சையில் நிரப்பும், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பொருள்) ஆறு அல்லது எட்டு இடத்தில் சிறு பொட்டுகள் வைத்து, அதை மாட்டிக்கொண்டு ஒரு ஸ்கேன், பல்செட்டை மட்டும் தனியாக ஒரு ஸ்கேன். இரண்டிலும் தெரிகிற பொட்டுகளை வைத்து ஒட்டிக்கொள்வது. பல்செட் ஈறில் சரியாக உட்காராவிட்டால் இந்த முறை ஏமாற்றிவிடும், ஈறுக்கும் பல்செட்டுக்கும் நடுவே கருப்பாகக் காற்று இடைவெளி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, பல் வந்துவிட்டது. இப்போது கடிக்கும் தளம் கிடைமட்டமாக வரும்படி கனத்தைத் திருப்புங்கள். தாடை வளைவின் கோட்டை முகட்டின் நடுவே வரையுங்கள், குறுக்குவெட்டுகள் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக வரும். வளைவை அலட்சியமாக வரைந்தால் குறுக்குவெட்டுகளும் கோணலாகும், அகலம் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். கடைசியாக, வரைந்த பல்லின் அச்சு வழியாகப் போகிற வெட்டைத் திறந்து பாருங்கள். இந்த வெட்டில் வருகிற எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

நரம்பைத் தேடுவது

கீழ்த்தாடையின் பின்பக்கத்தில் நரம்புக் கால்வாயைக் குறிக்காமல் எதுவும் செய்யாதீர்கள். நீளவாட்டப் படத்தில் ஒரே இழுப்பில் கோடு போடுவது எல்லோருக்கும் பிடித்த குறுக்குவழி. தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நிச்சயமாகத் தெரிகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். மென்டல் ஃபொராமென், அதாவது நரம்பு எலும்பை விட்டு வெளியே வருகிற துளை, பெரும்பாலும் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் வேர்நுனிப் பக்கத்தில் இருக்கும், குறுக்குவெட்டில் கன்னப்பக்கச் சுவரில் ஒரு வாய் திறந்திருப்பது தெளிவாகத் தெரியும். அங்கிருந்து ஒவ்வொரு வெட்டாகப் பின்னால் போங்கள், ஒவ்வொன்றிலும் கால்வாயின் நடுவில் ஒரு புள்ளி. சிலருக்கு வெள்ளை வளையம் போல் சுவர் பளிச்சென்று தெரியும். சிலருக்கு, குறிப்பாக முதல், இரண்டாம் கடைவாய்ப் பல் பகுதியில், சுவரே தெரியாது, எலும்பு மஜ்ஜையின் வெற்றிடங்கள் ஐந்தாறு தெரியும், எல்லாமே கால்வாய் போலவே இருக்கும். அப்போது ஒரு வெட்டையே முறைத்துப் பார்த்துப் பயனில்லை. முன்னும் பின்னும் நாலைந்து வெட்டுகளை வேகமாக உருட்டுங்கள். மஜ்ஜை வெற்றிடம் தோன்றி மறையும், கால்வாய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே தொடரும். புலம் பெரிதாக இருந்தால் பின்னால் தாடை ஏறுகிற இடத்தில் நரம்பு உள்ளே நுழைகிற துளையிலிருந்தும் முன்னோக்கி வந்து இரண்டையும் சந்திக்க வையுங்கள். மறுபக்கக் கால்வாயையும் ஒப்பிடலாம், இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும்.

இங்கே புதியவர்கள் விடுகிற தவறு இன்னொன்று உண்டு. மென்பொருள் நரம்பை ஒரு குழாயாக வரைகிறது, அதன் விட்டத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். உங்கள் நோயாளியின் கால்வாய் 3.5 மி.மீ. இருக்கும்போது குழாய் 2 மி.மீ. என்று இருந்தால், இடைவெளி அளவில் முக்கால் மி.மீ. இல்லாத இடம் சேர்ந்துவிடும். அளப்பது எப்போதும் கால்வாயின் மேல் ஓரம் வரைக்கும்தான், நடுப்புள்ளி வரை அல்ல. இம்ப்ளான்டை நெருங்கினால் மென்பொருள் சிவப்பாக எச்சரிக்கும் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், நீங்கள் வரைந்த கோட்டை நெருங்கினால்தான் அது எச்சரிக்கும். நரம்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தானாகவே நரம்பைக் கண்டுபிடித்து வரைந்து தருகிற மென்பொருள்கள் வந்துவிட்டன, நன்றாகவே வரைகின்றன, ஆனாலும் ஒவ்வொரு வெட்டிலும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மென்டல் ஃபொராமெனுக்கு முன்னால் இம்ப்ளான்ட் வைப்பதானால் இன்னொரு பொறி. நரம்பு சில பேருக்குத் துளையைத் தாண்டி முன்னே போய், வளைந்து திரும்பித்தான் வெளியே வரும். இந்த வளையம் எத்தனை மி.மீ. என்று அந்த நோயாளியின் படத்திலேயே அளந்து, அதற்கும் முன்னால்தான் உங்கள் 2 மி.மீ. இடைவெளியைத் தொடங்க வேண்டும்.

கீழ்முன்பக்கம் ஆபத்தில்லாத இடம் என்று ஒரு பேச்சு உண்டு. நடுக்கோட்டில் நாக்குப்பக்கச் சுவரில் சிறு துளைகள் வழியாக ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன. டிரில் நாக்குப்பக்கச் சுவரைத் துளைத்து அங்குள்ள தமனியைத் தொட்டுவிட்டால் வாயின் அடித்தளம் வீங்கி நாக்கை மேலே தூக்கி மூச்சுக்குழலையே அடைத்துவிடலாம். அரிதுதான், ஆனால் நடந்தால் உயிர்ப் பிரச்சினை. குறுக்குவெட்டில் அந்தப் பக்கச் சுவர் எங்கே உள்வாங்குகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

ஒரு பல்லை வைத்துப் பார்ப்போம்

கீழ் இடப்பக்க முதல் கடைவாய்ப் பல், 36. எடுத்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. எண்கள் எளிதாகப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

நேரான வெட்டில் முகட்டிலிருந்து கால்வாயின் மேல் ஓரம் வரை 12.6 மி.மீ. அதில் 2 போனால் 10.6, அப்போ 10 மி.மீ. இம்ப்ளான்ட் என்று கை துறுதுறுக்கும். பொறுங்கள், அகலத்தைப் பார்க்கலாம். முகடு கத்தி முனை போல் ஒடுங்கி இருக்கிறது: உச்சியில் 3.5 மி.மீ., 1 மி.மீ. கீழே 5, 2 மி.மீ. கீழே 6.8. இம்ப்ளான்டின் விட்டம் 4.1. கன்னப்பக்கம் குறைந்தது 1.5, நாக்குப்பக்கம் 1 மி.மீ. எலும்பு மிஞ்ச வேண்டும் என்றால் மொத்தம் 6.6 தேவை. அது கிடைப்பது 2 மி.மீ. கீழேதான். ஆக இரண்டு வழி. எலும்பு சேர்த்து அகலமாக்கலாம். அல்லது உச்சியின் 2 மி.மீ.யைச் சீவி மட்டமாக்கலாம். சீவினால் உயரம் 10.6 ஆகிறது, இடைவெளி 2 போக 8.6. இம்ப்ளான்ட் 8 மி.மீ.

இன்னும் முடியவில்லை. டிரில்லின் நுனி கூம்பாக இருப்பதால் அதில் குறித்திருக்கிற நீளத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போகும். எவ்வளவு என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு, அவர்களுடைய கையேட்டில் இருக்கும். இங்கே அரை மி.மீ. என்று வைத்தால் 8.5. 8.6க்குள் அடங்குகிறது, ஆனால் மயிரிழையில். முதலில் 11 போடலாம் என்று நினைத்த இடம் இது.

இப்போது நாக்குப்பக்கம். 36, 37 பகுதியில் தாடையின் உட்புறம் கீழே போகப் போக உள்வாங்கும், அங்கே உமிழ்நீர்ச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. பல்லின் அச்சில் நேராக இறக்கினால் இம்ப்ளான்டின் நுனி அந்தக் குழியை எட்டிப் பார்க்கலாம். இம்ப்ளான்டை எலும்பின் சாய்வுக்கு ஏற்பச் சாய்த்தால் கிரவுன் நாக்கை நோக்கிப் போய்விடும். 8 மி.மீ. என்று குட்டையாகிவிட்டதால் இந்த உதாரணத்தில் இரண்டும் ஒத்துப்போகிறது, நீளமாக இருந்திருந்தால் சிக்கல். குட்டை இம்ப்ளான்டைப் புதியவர்கள் தோல்வி மாதிரி நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

மற்ற இடைவெளிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பல்லின் வேருக்கும் இம்ப்ளான்டுக்கும் 1.5 மி.மீ., இரண்டு இம்ப்ளான்டுகளுக்கு நடுவே 3 மி.மீ., இம்ப்ளான்டின் தலை வரப்போகிற ஈறு ஓரத்துக்கு 3 முதல் 4 மி.மீ. கீழே. இந்த எண்களை மென்பொருளில் ஒருமுறை பதிந்துவிட்டால் மீறும்போது அதுவே சொல்லும். பக்கத்து வேர் நேராகக் கீழே போகிறது என்று எண்ணிவிடாதீர்கள், வளைந்து வந்து நம் வழியில் நிற்கிற வேர்கள் உண்டு.

மேல்தாடை

பின்பக்கத்தில் கேள்வி சைனஸ் பற்றியது. முகட்டுக்கும் சைனஸ் தரைக்கும் நடுவே எத்தனை மி.மீ., உள்ளே தடுப்புச் சுவர் இருக்கிறதா, சவ்வு தடித்திருக்கிறதா, பக்கச் சுவரில் தமனி ஓடுகிற கோடு தெரிகிறதா. சைனஸ் தூக்கும் சிகிச்சை (சவ்வை உயர்த்தி அடியில் எலும்பு சேர்ப்பது) செய்கிறவர்களுக்கு இவை எல்லாம் உயிர்நாடி. சைனஸ் முழுக்க அடைத்திருந்தால் இம்ப்ளான்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

முன்பல் பகுதியில் கன்னப்பக்க எலும்பு, அதாவது உதட்டுப்பக்கச் சுவர், பெரும்பாலானவர்களுக்கு 1 மி.மீ.க்கும் மெல்லியது. வோக்சல் 0.3 என்று எடுத்த படத்தில் 0.4 மி.மீ. எலும்பு தெரியாமலே போகலாம், இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் இம்ப்ளான்டை அண்ணப்பக்கமாகத் தள்ளி வைக்கிறோம். நடுவில் மூக்கு அண்ணக் கால்வாய் இருக்கிறது, நடு முன்பல் இம்ப்ளான்ட் அதைத் தொடக் கூடாது.

எலும்பின் அடர்த்தியை எண்ணாகச் சொல்லச் சொல்லி ஆசிரியர்கள் கேட்பதுண்டு. மருத்துவமனைகளில் உள்ள பெரிய சிடி கருவியில் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்று ஒன்று உண்டு, சிடியைக் கண்டுபிடித்து 1979இல் நோபல் வாங்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில். அங்கே தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. சிபிசிடியில் தெரிகிற சாம்பல் எண்கள் அதே மாதிரி இருந்தாலும் அவை அந்த அலகு அல்ல, இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், ஒரே படத்திலும் இடத்துக்கு இடம் மாறும். "850 வருகிறது, நல்ல எலும்பு" என்று மென்பொருள் சொன்னால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், முடிவை டிரில் எலும்பில் இறங்கும்போது கை சொல்லும்.

கைடு செய்வதானால்

திட்டம் திரையில் முடிந்ததும் அதைக் கைடாக அச்சடித்து, அதன் துளை வழியாக டிரில் செய்யலாம். பற்களின் மேல் உட்காரும் கைடுதான் அதிகம் நம்பத்தக்கது, ஈறின் மேல் உட்காருவதற்கு அந்த உறுதி இல்லை, ஊசிகளால் பிணைத்துத்தான் அதை நிறுத்த வேண்டியிருக்கும். கைடு இருந்தால் தவறே வராது என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் திட்டத்துக்கும் நிஜத்துக்கும் சராசரி விலகல் நுழையும் இடத்தில் 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ., கோணத்தில் 3.5 டிகிரி. சராசரியே இவ்வளவு. நரம்புக்கு மேல் 2 மி.மீ. விடச் சொல்வது எதற்கென்று இப்போது புரியும்.

கைடில் இரண்டு மூன்று இடங்களில் சிறு சன்னல் வெட்டச் சொல்லுங்கள். வாயில் மாட்டியதும் சன்னல் வழியாகப் பல்லைத் தொட்டுக்கொண்டு கைடு முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேறு வழி கிடையாது. எனக்கு ஒருமுறை வந்த கைடில் சன்னல் இல்லை, கெட்டியாகப் பிடித்தது, ஆடவில்லை, ஆகவே சரி என்று நினைத்தேன். கடைசியில் ஒரு பல்லின் மேடு இடித்து, பின்பக்கம் ஒன்றரை மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நல்லவேளையாக டிரில்லை எடுக்கும் முன்பே உதவியாளர் கண்ணில் பட்டது.

கைடுக்கான டிரில்கள் வழக்கத்தைவிட நீளம். இரண்டாம் கடைவாய்ப் பல் பகுதியில் வாய் திறப்பு போதாமல் டிரில் உள்ளேயே நுழையாமல் போகும், இதைச் சிகிச்சை நாளில் கண்டுபிடிப்பது அவமானம். முதல் நாளே, ஸ்கேன் சீட்டு எழுதும்போதே, வாய் திறப்பை அளந்திருந்தால் தெரிந்திருக்கும். இன்னொன்று சூடு. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படுகிறது என்பது 1980களிலேயே முயல்களில் காட்டப்பட்ட விஷயம். கைடு எலும்பை மூடியிருப்பதால் தண்ணீர் சரியாகப் போய்ச் சேராது. மேலும் கீழுமாக எடுத்து எடுத்து டிரில் செய்யுங்கள், உதவியாளரைத் தனியாகச் சிரிஞ்சில் குளிர்ந்த சலைனைப் பக்கவாட்டில் விடச் சொல்லுங்கள், மழுங்கிய டிரில்லைத் தூக்கிப் போடுங்கள்.

முதல் டிரில்லை முழு ஆழத்துக்கு இறக்காமல் பாதியில் நிறுத்தி, குழிக்குள் அளவுப் பின் வைத்து, வாய்க்குள் எடுக்கும் சாதாரணச் சிறு எக்ஸ்ரே ஒன்று எடுங்கள். பின்னின் நுனியையும் நரம்புக் கால்வாயின் மேல் ஓரத்தையும் திரையில் நீங்கள் போட்ட திட்டத்தோடு வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் தொடருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் கைடைக் கழற்றி ஓரமாக வையுங்கள், ஈறு மடலைத் திறந்து எலும்பைக் கண்ணால் பார்த்து முடிவெடுங்கள்.